தகரத்துக்குப் பயந்த நாங்கள் இரும்புக்குள் குடிபூந்த கதை

கப்பல் கொள்கலன் பெட்டி இரண்டை வைத்துச் செய்த எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற முன்னமே கேட்கிற கேள்வி ஒன்றுதான். "உள்ளுக்கை அவியாதோ?"

அவிந்தது. இப்போது அவியவில்லை. இடையில் இரண்டு கோடை போனது, பெட்டிகளுக்குக் கொடுத்ததைவிடக் கூடின காசும் போனது. கொள்கலன் வாங்கி வைத்தால் வீடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு எங்களிடம் விலை கேட்டு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக் கொடுத்து இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

எங்கள் இடம் துணுக்காய்ப் பக்கம். மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பி வரவேண்டும். நான் பாலர் பாடசாலை ரீச்சர். இவர் கட்டாரில் நாலு வருசம் வெல்டிங் வேலை செய்துவிட்டு வந்தவர். அம்மாவுக்கு இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தது. ஐந்தரை இலட்சம் ரூபாவில் 550 சதுர அடி. அந்த வீட்டின் முன்னறையில்தான் நாங்களும் இரண்டு பிள்ளைகளும் இருந்தோம். அம்மாவின் காணி உறுதிக் காணி இல்லை, அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. அதில் ஒரு துண்டைப் பிரித்து என் பேருக்கு மாற்றுகிற அலுவல் அலுவலகத்தில் இழுபட்டுக்கொண்டே கிடந்தது. பேருக்கு வராத நிலத்தில் கல்வீடு கட்டப் பயம். இவர்தான் ஒருநாள் சொன்னார்:

"பெட்டி வைப்பமப்பா. காணி இல்லையெண்டு சொன்னா லொறியிலை ஏத்திக்கொண்டு போகலாம்."

ஏற்றிக்கொண்டு போகலாம் என்ற சொல் எங்கள் வீட்டில் லேசான சொல் இல்லை. 2008இல் சண்டைக்கு இடம்பெயரும்போது அப்பா எங்கள் பழைய வீட்டுக் கூரைத் தகரத்தையும் நிலை, யன்னலையும் கழற்றி உழவு மெசினில் ஏற்றினவர். போகிற இடமெல்லாம் இறக்கி, கொட்டில் போட்டு, திரும்ப ஏற்றி, விசுவமடு தாண்டினதும் மெசினையே விட்டுவிட்டு நடந்தோம். அதனால் கொண்டுபோகக்கூடிய வீடு என்றதும் எனக்கு உடனே பிடித்துவிட்டது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. மெனிக் பாம் அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்த மத்தியானங்களை அவ மறக்கவில்லை. "தகரத்துக்கை கிடந்தது காணாதே பிள்ளை, இனி இரும்புக்கையோ?" என்றா.

நானே என்ன, 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள், ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் என்று அரசாங்கம் திட்டம் கொண்டுவந்தபோது, இந்த வெயிலுக்கு அது ஆகாது, அந்தக் காசுக்குக் கல்வீடே கட்டலாம் என்று ஊர்க் கூட்டத்தில் கை உயர்த்தினவள்தான். ஐந்து வருசத்தில் நானே இரும்புப் பெட்டிக்கு முற்பணம் கட்டினேன்.

பெட்டி பார்க்கக் கொழும்புக்கு, பேலியகொடைப் பக்கத்து யாட் ஒன்றுக்குப் போனோம். வாசலிலேயே நிற்கிறவனுக்கு எல்லாப் பெட்டியும் ஒன்றுதான். இவர் என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். கும்மிருட்டு. ஒரு நிமிசம் நின்று கண் பழகினதும் மேலே பார்க்கச் சொன்னார். முதல் பெட்டியின் கூரையில் வானத்து நட்சத்திரம் மாதிரி ஏழெட்டுப் புள்ளி வெளிச்சம். "வெளியிலை வா, இது வேண்டாம்." மூன்றாவது பெட்டியில்தான் ஒரு புள்ளியும் இல்லை. இது காசில்லாத பரிசோதனை, கட்டாயம் செய்யுங்கள். கதவு இறப்பரைக் கையால் நசுக்கிப் பாருங்கள், காய்ந்து வெடித்திருந்தால் மழைத் தண்ணி வரும். மணந்தும் பாருங்கள். ஒரு பெட்டியில் எனக்குத் தொண்டை கரகரத்தது. அதில் முன்னம் என்ன ஏற்றினார்களோ.

உயரமும் முக்கியம். சாதாரணப் பெட்டி வெளியால் எட்டரை அடி, உள்ளே ஏழு அடி பத்தங்குலம்தான். அதற்குள் மின்விசிறி பூட்டினால், சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கும்போது விரல் போகும். 'ஹை கியூப்' என்று கேட்டு வாங்குங்கள். வெளியே ஒன்பதரை அடி, உள்ளே எட்டடி பத்தங்குலம். நாங்கள் எடுத்தது நாற்பதடி ஹை கியூப் இரண்டு.

கதவில் ஒரு சிறு உலோகத் தகடு அடித்திருக்கும். இவர் அதைத் துடைத்துப் படம் எடுத்தார். எத்தனை கிலோ தாங்கும், எந்த வருசம் செய்தது, அடிப்பலகைக்கு என்ன மருந்து அடித்தது எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கடைசி வரி பிறகு எங்களுக்கு உதவினது.

பெட்டி வர முன்னம் தூண் போட்டோம். இதை மேசன்மாருக்கு விளங்கப்படுத்தத்தான் பாடுபட்டோம். கல்வீட்டுக்கு அத்திவாரம் சுத்திவர ஓடவேண்டும். பெட்டிக்கு அது தேவையில்லை, பாரம் முழுக்க நாலு மூலையில்தான் இறங்கும். 1956இல் மல்கம் மக்லீன் என்ற அமெரிக்க லொறி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினதிலிருந்து இது மூலையில் பிடித்துத் தூக்கி மூலைக்கு மேல் மூலை அடுக்குகிற சாமான். நடுப்பக்கம் வெறும் நெளிதகடு, இரண்டு மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லை. நாங்கள் சுவரை வெட்டப் போகிறபடியால் ஒரு பெட்டிக்கு ஆறு தூண். கிரவல் பிடிபடும்வரை தோண்டி, மூன்றடிக்கு மூன்றடி பாதம், தூணின் தலையில் இரும்புத் தட்டு புதைத்து.

தூண் எவ்வளவு உயரம் என்று யாரையும் கேட்கவில்லை. 2018 மார்கழி 21ஆம் திகதி இரவு வந்த வெள்ளத்தின் கறை அம்மா வீட்டுக் குசினிச் சுவரில் இன்னும் இருக்கிறது. மட்டக் குழாய் பிடித்து அந்தக் கோட்டுக்கு ஒன்றரை அடி மேலே வைத்தோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கறை எங்காவது இருக்கும், பழைய ஆட்களைக் கேளுங்கள்.

பெட்டி வந்தது 2021 கார்த்திகையில். பிழையான மாதம். யாட்டில் சும்மா நிற்கிறதுக்கு வாடகை கேட்டார்கள் என்று அவசரப்பட்டோம். பிரதான வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பவே நீள லொறி முக்கால் மணித்தியாலம் முன்னுக்குப் பின்னுக்குப் போனது. பாலை மரக் கொப்பு ஒன்று வெட்டவேண்டி வந்தது, அந்த வீட்டு ஐயாவிடம் இன்றைக்கும் பேச்சு வாங்குகிறேன். ஒழுங்கைக்குக் குறுக்கே போன வயர்களை இரண்டு பொடியள் காய்ந்த மூங்கில் தடியால் தூக்கிப் பிடித்தார்கள். அது மடத்தனம். மின்சாரசபைக்கு முன்கூட்டியே சொல்லி லைனை நிறுத்தியிருக்க வேண்டும். வவுனியாவிலிருந்து வந்த கிரேனின் ஒரு கால் ஈர மண்ணில் புதைந்து சரியத் தொடங்கினது. பெட்டி நாலு தொன்னுக்குக் கொஞ்சம் குறைவு, அது ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு மெல்லச் சுழன்றது. சின்னவனைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அங்கால் ஓடினேன். பிறகு பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் காலை வைத்துத்தான் இறக்கினார்கள். ஒரு நாள் வாடகை இரண்டு நாளானது. ஆடி, ஆவணியில் நிலம் காய்ந்து கிடக்கும்போது கொண்டுவாருங்கள்.

தையில் வேலையைத் தொடங்கி, சித்திரைக்குக் குடிபூரலாம் என்று கணக்குப் போட்டோம். 2022 வந்தது. டீசல் இல்லை, பெற்றோல் இல்லை. ஜெனரேற்றர் ஓடாது, ஓடினாலும் வெல்டிங் கம்பி விலை கேட்டால் தலை சுத்தும். 2021இல் ஆயிரத்துச் சொச்சம் இருந்த 50 கிலோச் சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்டது. பெட்டிகள் இரண்டும் வளவுக்குள் சும்மா நின்றன. கோழிகள் அடியில் படுத்தன.

மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். மெழுகுதிரி கிடைக்கிறதே அருமை என்று இரண்டு பக்கெற் வாங்கிப் பெட்டிக்குள் ஒரு தட்டில் வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து எடுக்கப் போனால், திரிகள் எல்லாம் ஒன்றோடொன்று சாய்ந்து, வாழைப்பழச் சீப்பு மாதிரி வளைந்து ஒட்டிக் கிடந்தன. அதை அப்படியே கொண்டுவந்து இவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன். அவர் கனநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் சுட்டது.

எரிபொருள் இல்லாமல் நின்ற அந்தக் கோடை எங்களுக்கு உதவிதான் செய்தது. எங்களிடம் கையில் காசும் டீசலும் இருந்திருந்தால் உள்ளே பலகை அடித்துப் பெயின்ற் பூசிக் குடிபூந்திருப்போம், பிறகு கழற்றியிருப்போம். கொஞ்சமாவது கழற்றத்தான் வேண்டியும் வந்தது, அதைச் சொல்கிறேன்.

முதலில் வெட்டு. யன்னலுக்கும் கதவுக்கும் சுவரை வெட்டுவதற்கு முன்னம், வெட்டப் போகிற இடத்தைச் சுற்றிப் பொக்ஸ் பார் என்கிற சதுர இரும்புக் குழாயால் சட்டம் ஒட்டவேண்டும். பிறகுதான் கிறைண்டர். நெளிதகடு பார்க்க மெல்லிசு, ஆனால் அந்த நெளிவுதான் பெட்டியை நிமிர்த்தி வைத்திருக்கிறது. இவருக்கு அது தெரியும். ஒருநாள் இவர் கிளிநொச்சிக்குப் போயிருந்த நேரம், உதவிக்கு வந்த பொடியன் வேலையை முடித்துக் காட்டுவம் என்று நடுவாசலுக்குப் பன்னிரண்டடியைச் சட்டமில்லாமல் வெட்டிவிட்டான். வெட்டும்போது ஒன்றும் நடக்கவில்லை. பின்னேரம் பெட்டியின் பெரிய கதவைச் சாத்தப் போனால் சாத்துப்படவில்லை, ஒரு விரல்கடை இறங்கி நின்றது. மேலே பார்த்தால் கூரை வளை தொய்ந்திருந்தது. இரண்டு லொறி ஜக் வைத்து நாலு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, பொக்ஸ் பார் கொடுத்து ஒட்டினார். இன்றைக்கும் அந்தக் கதவு மழைக்காலத்தில் முனகும்.

வெட்டின விளிம்புக்கு அன்றைக்கே துருப்பிடிக்காமல் இருக்க அன்ரிகரோசிவ் பெயின்ற் பூசவேண்டும். எங்கள் ஊர்ப் பனியில் ஒரு இரவு விட்டால் விடிய மஞ்சள் பிடித்திருக்கும். வெட்டும்போது வருகிற புகையை இழுக்கக் கூடாது. கப்பல் பெட்டிப் பெயின்ற் கடலுப்புக்குத் தாங்குகிற கடும் பெயின்ற், நல்ல மாஸ்க் போடாமல் நிற்கவேண்டாம். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை.

அடுத்தது நிலம். பெட்டியின் அடியில் 28 மில்லிமீற்றர் தடிப்பில் நல்ல ஒட்டுப்பலகை. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும், மினுக்கி வார்னிஷ் அடித்தால் எப்படி இருக்கும் என்று நான் கனவு கண்டுகொண்டிருந்தேன். இவர் கதவுத் தகட்டுப் படத்தைக் காட்டினார். கப்பலில் நாடு நாடாகப் பூச்சி போகாமலிருக்கப் பலகைக்குப் பூச்சிமருந்து ஊட்டியிருக்கிறார்கள். பெரிய ஆட்கள் நடந்தால் பரவாயில்லை, தவழுகிற பிள்ளை நிலத்தில் வாய் வைத்தால்? ஒரு நாள் முழுக்கப் பலகை கழற்றினால் எட்டுத்தான் வரும், ஆணியெல்லாம் துருப்பிடித்து இறுகினது. கழற்றினதுக்குப் பிறகு குறுக்குச் சட்டங்களுக்கு மேல் சீமெந்துப் பலகை அடித்து, பொலித்தீன் விரித்து, மெல்லிய கொங்கிறீற் போட்டுச் சீமெந்து மினுக்கினோம். இதுக்கு வசதியில்லாவிட்டால் பலகையை எபொக்சி பூசி மூடிவிடலாம் என்கிறார்கள். கழற்றின பலகையை அடுப்புக்குக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை, எரித்தால் அந்த மருந்துதான் புகையாக வரும். கஞ்சத்தனம் என்று பேர் கிடைத்தது.

இனி வெக்கை.

நாங்கள் முதலில் செய்தது எல்லாரும் செய்கிற பிழை. உள்பக்கச் சுவருக்கு மரச் சட்டம் அடித்து, இடையில் றிஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகைத் துண்டுகளைச் செருகி, மேலே பலகை. பகலில் கொஞ்சம் சுகம் தந்தது. மாரி தொடங்கினதும் வேறு கூத்து. இரும்பு வெயிலில் எவ்வளவு கெதியாகச் சுடுமோ இரவில் அவ்வளவு கெதியாகக் குளிரும். நாலு பேர் மூச்சு, ஈரத் துணி, சோற்றுப் பானை ஆவி எல்லாம் இடைவெளியால் போய் அந்தக் குளிர்ந்த தகட்டில் தண்ணியாகப் படியும். விடியப்புறம் மூன்று மணிக்கு என் நெற்றியில் சொட்டு விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று இவரை எழுப்பி ஏறவிட்டேன், வெளியில் மழையே இல்லை. ஒரு மாதத்தில் பலகைக்குப் பின்னால் பூஞ்சண மணம். கழற்றினால் றிஜிபோம் முழுக்கச் சல்லடை. சின்னக் கறுத்த எறும்பு உள்ளே ஊரே கட்டியிருந்தது, தூளாகக் கொட்டினது.

இரண்டாம் முறை இடைவெளியே விடவில்லை. போமைத் தகட்டோடு பசை போட்டு ஒட்டி, பொருத்துக்களை நுரை அடித்து அடைத்து, எறும்பு வரும் கீழ் விளிம்பைச் சீமெந்துப் பலகையால் மூடினோம். உள் ஆவி இரும்பைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் சூத்திரம். வெல்டிங் வேலை முழுக்க முடிந்த பிறகு மட்டும் போமுக்குக் கைவைக்க வேண்டும். ஒரு நெருப்புப் பொறி போதும், கரும்புகையோடு எரியும்.

ஆனால் வீட்டை இருக்கக்கூடிய வீடாக்கினது போம் இல்லை, கூரை. இரண்டு பெட்டியையும் பன்னிரண்டடி இடைவெளியில் சமாந்தரமாக வைத்திருந்தோம், நீளப்பாடு கிழக்கு மேற்காக. பின்னேர வெயில் எட்டடி முனையில் மட்டும்தான் அடிக்கும். இரண்டுக்கும் நடுப்பகுதிக்கும் சேர்த்து ஒரே கூரை, பெட்டியின் முதுகிலிருந்து மூன்றடி உயரத்தில், நாலு பக்கமும் நாலடி தாழ்வாரம். அமானோ சீற் என்கிற கூரைத் தகடு, வெளிர் நிறம். 1,700 சதுர அடிக்கு மேலே வந்தது. பெட்டியின் முதுகுக்கு வெள்ளைப் பெயின்ற். இப்போது வெயில் கூரையில் விழுகிறது, இடையில் சோளகக் காற்று ஓடி வெக்கையை அள்ளிக்கொண்டு போகிறது, பெட்டி நாள் முழுக்க நிழலில் நிற்கிறது. மேற்கு முனைக்குக் கிடுகுத் தட்டி கட்டி, முன்னால் அம்மா பாகல் கொடி ஏற்றியிருக்கிறா. கூரைத் தூண்களுக்குத் தனிப் பாதம், குறுக்குக் கம்பி, போல்ற். 2020 மார்கழியில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக் கரைப்பக்கமாகத்தான் ஏறினது என்பதை மறந்து கூரை போடக்கூடாது.

காசு குறைவென்றால் கூரையை முதலில் போடுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். றிஜிபோமை அடுத்த வருசம் பார்க்கலாம்.

அந்த நடுப் பன்னிரண்டடிதான் உண்மையில் எங்கள் வீடு. கிழக்குப் பக்கம் அரைச்சுவர், மேற்குப் பக்கம் கம்பி வலை. சாப்பாடு, பள்ளிக்கூட வேலை, ஆட்கள் வந்தால் கதிரை, மத்தியானம் பாய் எல்லாம் அங்கேதான். பெட்டி படுக்கவும் சாமான் வைக்கவும். உள் அகலம் ஏழு அடி எட்டங்குலம், இரண்டு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் போமும் பலகையும் தின்றால் ஏழு அடி இரண்டங்குலம். ஆறடிக் கட்டிலைக் குறுக்கே போட்டால் கால்மாட்டில் ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நழுவலாம். தளபாடம் வாங்க முன்னம் நிலத்தில் சோக்கால் கீறிப் பாருங்கள். குசினியும் மலசலகூடமும் வெளியே கல்லால் கட்டினோம். விறகடுப்புப் புகையையும் குளிக்கிற தண்ணியையும் இரும்புக்குள் கொண்டுபோகிறது தானாகத் துருவைக் கூப்பிடுகிறது. இன்னொன்று, கதவைச் சாத்தினால் போனுக்கு சிக்னல் இல்லை. மூத்தவள் இரவில் பாட்டுக் கேட்க நடுவுக்கு வந்தே ஆகவேண்டும், அது எனக்கு வசதிதான்.

கரண்ட் விசயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். கல்வீட்டில் ஒரு வயர் தோல் உரிந்தால் அந்த இடத்தில் மட்டும்தான் அடிக்கும், இங்கே முழு வீடும் அடிக்கும். இரண்டு பெட்டியையும் செம்பு வயரால் ஒன்றோடொன்று இணைத்து, நிலத்தில் எர்த் கம்பி இறக்கி, கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் போட்டோம். வயர் எல்லாம் குழாய்க்குள். மாதம் ஒருக்கா ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமத்திப் பார்ப்பது என் வேலை. சித்திரை வைகாசியில் மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, கம்பி இருக்கிற குழிக்கு இரண்டு வாளி தண்ணி ஊத்தவேண்டும்.

சத்தம் பற்றி ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கூரை வர முன்னம், காலை வெயில் ஏறும்போதும் பொழுது சாயும்போதும் தகடு விரிந்து சுருங்கி "டொம்" என்று ஒரு அடி அடிக்கும். முதல் தடவை அம்மா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. நான் எட்டிப் பார்க்கையில் சுளகு ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம், அவ சுவரோரம் குப்புறக் கிடந்தா, இரண்டு கையும் தலைக்கு மேலே. கொஞ்ச நேரம் நானும் பக்கத்தில் போய் இருந்தேன். பிறகு இரண்டு பேரும் அரிசியைப் பொறுக்கினோம். பெட்டி நிழலுக்குள் வந்த பிறகு அந்தச் சத்தம் நூற்றுக்குத் தொண்ணூறு நின்றுவிட்டது. வீட்டில் அப்படிப் பயம் உள்ள ஆட்கள் இருந்தால், கூரை முடிய முன்னம் அவர்களை உள்ளே படுக்க விடவேண்டாம்.

பிரதேச சபையில் அனுமதிக்குப் போனபோது இது வீடா, களஞ்சியமா என்று அவர்களுக்கே குழப்பம். படம் கீறுகிறவரைப் பிடித்து, யன்னல் அளவு, மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி எல்லாம் போட்டு முறையான வரைபடம் கொடுத்ததும் சிக்கல் தீர்ந்தது. கிராம அலுவலர், எங்கள் விதானையாரின் படிவத்தில் சுவர் எதனால் ஆனது என்று ஒரு கேள்வி. கல், சீமெந்துக்கல், மண், ஓலை, பலகை. அவர் பேனையை வாயில் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு "ஏனையவை"யில் புள்ளடி போட்டார்.

நிலையம் எடுக்க, அதாவது சாத்திரப்படி வீட்டுக்கு அளவு சொல்ல வந்த ஆசாரியாருக்கும் இதே கரைச்சல். அவர் கணக்குப் பார்த்து அரையடி கூட்டு, காலடி குறை என்பார். நாற்பதடி நாற்பதடிதான், உலகம் முழுக்க ஒரே அளவு. கடைசியில் நடு மண்டபத்துக்கு மட்டும் அளவு சொன்னார், அதனால்தான் அது பன்னிரண்டடியானது. குடிபூரலன்று மாவிலைத் தோரணம் கட்ட ஆணி அடிக்க இடமில்லை. இவர் பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்துக் காந்தம் எடுத்து ஒட்டினார். ஐயர் மந்திரத்தை நிப்பாட்டி அதை ஒருக்கா இழுத்துப் பார்த்தார்.

மொத்தக் கணக்கில் பெட்டி இரண்டும் லொறிக்கூலியும் சேர்த்து மூன்றில் ஒன்றுகூட இல்லை. கூரை, பொக்ஸ் பார், போம், நிலம், கரண்ட் இவைதான் தின்றது. வெல்டிங் கூலி இவர் கையென்றபடியால் தப்பினோம். வெளி ஆள் வைத்துச் செய்தால் சீமெந்துக்கல் வீட்டைவிட மலிவென்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். வீட்டில் ஒரு வெல்டர் இல்லாத குடும்பத்துக்கு நான் இதைச் சொல்வதேயில்லை.

ஏற்றிக்கொண்டு போகலாம் என்ற கதையை இவர் இன்னும் விடவில்லை. கூரைத் தூணைப் பெட்டியோடு ஒட்டாமல் தனியே வைத்ததும், வயர் இணைப்பைக் கழற்றக்கூடிய மாதிரிப் போட்டதும் அதுக்காகத்தான் என்பார். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் இதை விளக்கிக்கொண்டிருக்க, அம்மா கேட்டா:

"கிணத்தை எதிலை ஏத்துவியள் தம்பி?"

இவர் கறியை ஊத்திக்கொண்டு சாப்பிட்டார்.

கடைசியாக அடிப்பக்கம். பெட்டியைத் தூணில் இறக்க முன்னம், யாட்டிலேயே, அடிப்பக்கத்துக்குத் தார்ப் பெயின்ற் பூசிவிடுங்கள். நாங்கள் கிரேன் சரிந்த பயத்தில் அதை மறந்துபோனோம். டித்வாப் புயல் மழையில் தண்ணி தூணின் அரைவாசிக்கு வந்தது. உள்ளே ஒரு சொட்டு ஏறவில்லை, நடு மண்டபத்தில் அயல் வீட்டுக் குடும்பங்கள் இரண்டு வந்து படுத்தன. ஆனால் தண்ணி வற்றினதும் குனிந்து பார்த்தால் குறுக்குச் சட்டம் முழுக்கச் செந்துரு. இரண்டு அடிக்குக் கொஞ்சம் கூடின உயரத்துக்குள் ஆள் மல்லாந்துதான் போகலாம். அடியில் விறகு, தேங்காய் மட்டை எதையும் வைக்கக்கூடாது என்று நான் தினமும் கூட்டுகிற இடம்தான், ஆனாலும் போன வருசம் அதற்குள்ளிருந்து ஒரு புடையனை எடுத்திருக்கிறோம்.

தை பிறந்து மண் காய்ந்த கையோடு இவர் துருவைச் சுரண்டத் தொடங்கினார். சாக்கை விரித்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, நெஞ்சில் பெயின்ற் ரின்னை வைத்துக்கொண்டு உள்ளே நுழைவார். இரண்டு கால் மட்டும் வெளியே தெரியும். அந்தக் காலுக்குப் பக்கத்தில் அம்மா கதிரை போட்டு, பூவரசந் தடியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பா. பாம்புக்குக் காவல். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா தடியால் பெட்டியில் தட்டி, "தம்பி, இருக்கிறியளோ?" என்று கேட்பா. உள்ளிருந்து பிரஷால் இரண்டு தட்டு வரும்.